ராத்திரி எட்டு மணிக்கு மூச்சுத் திணறும் லினக்ஸ் சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் கேபிள் டிவி நடத்தியவர்கள் பலர் இப்போது ஃபைபர் இழுத்து இன்டர்நெட்டும் கொடுக்கிறார்கள். ஓஎல்டிக்கு (வீடுகளின் ஃபைபர் எல்லாம் வந்து சேரும் பெட்டி) மேலே, வாடிக்கையாளரின் பிபிபிஓஇ (வீட்டு ரூட்டர் உள்நுழையும் முறை) இணைப்பை வாங்கி நாட் போட்டு (பல வீடுகளை ஒரே பொது ஐபியில் சேர்த்து) வெளியே அனுப்புவது பெரும்பாலும் ஒரு லினக்ஸ் பெட்டிதான். அந்தப் பெட்டிகளை அமைத்துக் கொடுப்பது என் வேலை. போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டளை, கோப்புப் பெயர்களை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, 10 ஜி லைன் வாங்கியிருக்கேன். கிராஃப்ல மூணு ஜிகூடத் தாண்டல. ஆனா ராத்திரி எட்டு மணியானா எல்லார்கிட்டேர்ந்தும் போன் வருது. லைன்ல கோளாறா?

லைனில் இருக்க வாய்ப்பு குறைவு. கிராஃப் பிட்டுகளை எண்ணுகிறது; 10 ஜி என்றால் விநாடிக்கு 10 கிகாபிட். சர்வருக்கோ, அந்தப் பிட்டுகளைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும் பாக்கெட்டுகளின் எண்ணிக்கைதான் பாரம். நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவரைப் பாருங்கள். 40 கிலோ மூட்டையானாலும் 5 கிலோ பையானாலும் தராசில் தூக்கி வைத்து, எழுதி, இறக்க ஒரே நேரம்தான் ஆகும்.

ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் (உறையோடு சேர்ந்த பாக்கெட்) 64 பைட். கம்பியில் அதற்கு முன்னால் 8 பைட் முகப்பும், அடுத்த ஃபிரேமுக்கு முன் 12 பைட் இடைவெளியும் உண்டு. ஆக 84 பைட், 672 பிட். 10 ஜி கம்பி முழுக்க இப்படிச் சின்ன ஃபிரேம்களாக வந்தால் விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் வரும். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ விநாடி. சிபியுவுக்குள் தனித்தனியே வேலை செய்யும் அலகுதான் கோர்; 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது ஏறக்குறைய 200 சுழற்சி. கேஷில் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இல்லாத ஒன்றைத் தேடி ரேம் வரை ஒருமுறை போய் வந்தாலே அந்த நேரம் தீர்ந்துவிடும். அதே கம்பியில் எல்லாம் 1500 பைட் பாக்கெட்டாக வந்தால் விநாடிக்குச் சுமார் 8.12 லட்சம்தான், ஒன்றுக்கு 1.23 மைக்ரோ விநாடி கிடைக்கும். ஒரே 10 ஜி, பாரத்தில் 18 மடங்கு வித்தியாசம்.

வீட்டில் ஒருவர் வீடியோ பார்க்கும்போது கீழே இறங்குவது பெரிய பாக்கெட். ஆனால் டிசிபியில் சுமார் இரண்டு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு சின்ன 'வந்து சேர்ந்தது' பாக்கெட் மேலே திரும்பிப் போகும். அப்லோடு கிராஃபில் அது கோடு போலக் கிடக்கும். எண்ணிக்கையில் டவுன்லோடில் பாதி வரை இருக்கலாம். அந்தச் சின்னப் பாக்கெட்டுகள் சர்வரில் நிறையத் தொலைந்தால், எதிர்ப்பக்கம் அனுப்புகிறவர் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடுவார். டவுன்லோடு வேகம் விழும், லைன் காலியாகவே கிடக்கும். உங்களுக்கு வரும் போன்களில் பாதி இதனால்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

பாக்கெட் எங்கே தொலையுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. வாய்க்காலோடு நடந்து, எந்த மதகில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நெரிசல் நேரத்திலேயே செய்யுங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

முதல் இடம் நெட்வொர்க் அட்டை. எத்டூல் கட்டளையைப் பெரிய எழுத்து எஸ் சேர்த்து ஓட்டினால் அட்டையின் எண்ணிக்கைகள் எல்லாம் வரிசையாக வரும். அதில் 'மிஸ்டு', 'நோ பஃபர்', 'நோ டிஎம்ஏ ரிசோர்சஸ்' என்ற சொற்கள் உள்ள வரிகளைப் பாருங்கள். பத்து விநாடி விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால், அட்டை பாக்கெட்டை வாங்கி வைத்தும் எடுத்துப் போக சிபியு வரவில்லை என்று பொருள்.

இரண்டாவது இடம் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வாசல். ப்ராக் அடைவுக்குள் நெட் அடைவில் சாஃப்ட்நெட் ஸ்டாட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. கோருக்கு ஒரு வரி, எண்கள் எல்லாம் பதினாறடிமானத்தில். முதல் நிரல் அந்தக் கோர் கையாண்ட பாக்கெட். இரண்டாவது, வரிசை நிரம்பியதால் கீழே போட்டது. மூன்றாவது, வேலை பாக்கி இருக்கும்போதே ஒதுக்கிய அளவு முடிந்து கோர் எழுந்து போன தடவைகள். கெர்னல் ஒரு சுற்றுக்கு 300 பாக்கெட் என்று இயல்பாக ஒதுக்குகிறது. நெட்டெவ் பட்ஜெட் என்ற சிஸ்சிடிஎல் (நாம் மாற்றக்கூடிய கெர்னல் மதிப்பு) அதுதான். மூன்றாவது நிரல் வேகமாக ஏறினால் அதை 600 ஆக்கிப் பார்க்கலாம். இரண்டாவது ஏறினால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

மூன்றாவது இடம் கெர்னலுக்கு உள்ளே: கனெக்ஷன் டிராக் அட்டவணை, வேகக் கட்டுப்பாட்டு வரிசைகள். அவற்றுக்குத் தனியே கீழே வருகிறேன்.

ஹெச்டாப்ல எட்டு கோர்ல ஒண்ணு மட்டும் சிவப்பா 100ல நிக்குது, மத்த ஏழும் சும்மா கிடக்கு. ஏன்?

இந்தப் பக்கம் முழுவதிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

இன்றைய 10 ஜி அட்டைகளில் வரும் பாக்கெட்டைப் பல வரிசைகளாகப் பிரிக்கும் வசதி உண்டு, ஆர்எஸ்எஸ் என்பார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறதே, அப்படி. அனுப்புகிறவர் ஐபி, பெறுகிறவர் ஐபி, போர்ட் எண்கள் ஆகியவற்றை வைத்து அட்டை ஒரு ஹேஷ் எண் போடும். அந்த எண்ணை ஓர் அட்டவணையில் பார்த்து எந்த வரிசை என்று முடிவு செய்யும். ஒரு வரிசைக்கு ஒரு இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் மணி), ஒரு இன்டரப்டுக்கு ஒரு கோர். ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் ஒரே கோருக்குப் போவதால் முன்பின் மாறாது.

பிபிபிஓஇ பாக்கெட்டில் ஈதர்நெட் தலைப்புக்கு அடுத்து ஐபி வருவதில்லை. பிபிபிஓஇ தலைப்பு, பிறகு பிபிபி, அதற்குப் பின்தான் ஐபி. நம் ஊர்களில் அதிகம் ஓடும் இன்டெல் 82599 சிப்புக்கு இந்த உறையைப் பிரிக்கத் தெரியாது. ஐபி தெரியாவிட்டால் ஹேஷ் இல்லை. ஹேஷ் இல்லாத பாக்கெட் எல்லாம் பூஜ்யமாம் வரிசையில் போய் விழும். ஆயிரம் வீடுகளின் அப்லோடு மொத்தமும் ஒரே கோரின் தலையில். லைன் பக்கத்திலிருந்து வருவது வெறும் ஐபி பாக்கெட் என்பதால் அங்கே பங்கீடு ஒழுங்காக நடக்கும். அதனால்தான் வெகுநாள் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சரிபார்க்க, ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து வாடிக்கையாளர் பக்கப் போர்ட்டின் பெயரை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பூஜ்யமாம் வரிசையின் எண் மற்ற ஏழு வரிசைகளையும்விட மிக அதிகமாக இருக்கும். அந்த ஒரு திரையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிடும்.

தீர்வு ஆர்பிஎஸ். கூகுளின் டாம் ஹெர்பர்ட் எழுதி, 2010இல் லினக்ஸ் 2.6.35இல் சேர்ந்தது. அட்டை செய்யாத பங்கீட்டைக் கெர்னலே மென்பொருளில் செய்யும். கெர்னலின் பாக்கெட் பிரிப்பானுக்குப் பிபிபிஓஇ உறையை உரித்து உள்ளே இருக்கும் ஐபியைப் பார்க்கத் தெரியும். சிஸ் அடைவில், அந்தப் போர்ட்டின் கியூஸ் அடைவுக்குள், பூஜ்யமாம் வரிசையின் ஆர்பிஎஸ் சிபியுஸ் கோப்பில் கோர்களின் முகமூடி எண்ணை (எந்தெந்தக் கோர் என்று குறிக்கும் எண்) எழுத வேண்டும். எட்டு கோருக்கு 'எஃப்எஃப்'. நான் 'எஃப்இ' எழுதுவேன்: பூஜ்யமாம் கோர் அட்டையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பிரித்துக் கொடுப்பதற்கு மட்டும், மற்ற ஏழும் மீதி வேலைக்கு. இதோடு நெட்டெவ் மேக்ஸ் பேக்லாக் என்ற சிஸ்சிடிஎல்லையும் உயர்த்துங்கள். இயல்பாக 1000; ஆர்பிஎஸ் அனுப்பும் பாக்கெட்டுகள் அந்த வரிசையில்தான் காத்திருக்கும், நிரம்பினால் முன்பு சொன்ன இரண்டாவது நிரல் ஏறும். 5000 வைத்துப் பாருங்கள்.

ஒரு கோர் இன்னொன்றைத் தட்டி எழுப்பும் செலவு ஆர்பிஎஸ்ஸில் உண்டு, இலவசம் அல்ல. பாக்கெட்டை எடுத்துப் பிரிக்கும் அந்த முதல் கோரே நிரம்பிவிட்டால் இதுவும் போதாது. அப்போது ஓஎல்டிகளை இரண்டு மூன்று போர்ட்களில் பிரித்துச் செருகி, ஒவ்வொரு போர்ட்டின் பூஜ்யமாம் வரிசையையும் வேறு வேறு கோருக்குக் கொடுங்கள். இன்டெல் 700 வரிசை அட்டைகளில் டிடிபி என்ற கோப்பை ஏற்றி பிபிபிஓஇயைப் படிக்கக் கற்றுத்தரலாம். புதிதாக வாங்குகிறவர்கள் விலை கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.

ஐஆர்கியூ பேலன்ஸை நிறுத்தச் சொல்றாங்களே?

இன்டரப்ட்களைக் கோர்களுக்குத் தானாகப் பங்கிடும் சேவை அது. வேறு பல வேலை செய்யும் சர்வரில் நல்ல துணை. பாக்கெட் மட்டுமே வேலை என்றால் நிறுத்திவிட்டு, எந்த இன்டரப்ட் எந்தக் கோருக்கு என்று நீங்களே எழுதிவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் எழுதியதை மாற்றி எழுதும். நேற்று அளந்ததும் இன்று அளப்பதும் ஒப்பிட முடியாமல் போகும்.

ரிங் பஃபரை 4096 ஆக்கினா எல்லாம் சரியாயிடும்னு படிச்சேன்.

ரிங் பஃபர் என்பது, வந்த பாக்கெட்டை சிபியு எடுக்கும்வரை வைத்திருக்கும் வளையம். 82599இல் இயல்பாக 512, அதிகபட்சம் 4096. எத்டூலைச் சின்ன ஜி போட்டு ஓட்டினால் காட்டும், பெரிய ஜி மாற்றும். அரைக் கண நேரம் வரும் வெள்ளத்தைத் தாங்க அது உதவும். ஆனால் ஏரியை ஆழப்படுத்தியதால் கலுங்கு அகலமாகிவிடாது. கோர் நாள் முழுக்கப் பின்தங்கினால் 4096உம் சில மில்லி விநாடிகளில் நிரம்பும். அதோடு, வளையம் பெரிதானால் சுற்றிவரும் நினைவகமும் பெரிதாகி சிபியு கேஷைவிட்டு வழியும், ஒவ்வொரு பாக்கெட்டும் மெதுவாகும். நான் 1024 அல்லது 2048இல் தொடங்குவேன்.

அட்டையை எந்த ஸ்லாட்ல போட்டா என்ன? பொருந்துற இடத்துல போடலாம்தானே?

கும்பகோணத்தில் ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் இரண்டு இரவுகள் இதற்காகப் போயின. இரண்டு 10 ஜி போர்ட் உள்ள அட்டை. ஒரு போர்ட்டைத் தனியாகச் சோதித்தால் முழு வேகம். இரண்டும் சேர்ந்து ஓடினால் 'மிஸ்டு' எண் ஏறும், கோர்களோ பாதி ஓய்வில் இருக்கும். பங்கீடு, வளையம், இன்டரப்ட் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில், செருகிய அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐயை விரிவான வடிவில் ஓட்டியபோது, அட்டையின் தகுதி எட்டு லேன் (தரவுப் பாதை) என்ற வரிக்குக் கீழே, இப்போதைய நிலை நான்கு லேன் என்று இருந்தது. ஸ்லாட் பார்க்க எட்டு லேன் நீளம். உள்ளே கம்பி நான்கு லேனுக்குத்தான் ஓடியது. இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் நான்கு லேன் என்றால் ஒரு திசைக்கு 16 ஜி, நிர்வாகச் செலவு போக அதிலும் குறையும். 20 ஜி எப்படிப் போகும்? அட்டையைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினோம், தீர்ந்தது. அன்றிலிருந்து புதுப் பெட்டியில் நான் ஓட்டும் முதல் கட்டளை அதுதான்.

இரண்டு சிபியு உள்ள பெட்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்லாட்டும் ஏதாவது ஒரு சிபியுவோடுதான் இணைந்திருக்கும். சிஸ் அடைவில் அந்தப் போர்ட்டின் நூமா நோட் கோப்பு எந்த சிபியு என்று சொல்லும். இன்டரப்ட்களை அந்தச் சிபியுவின் கோர்களிலேயே கட்டுங்கள். மறுகரைக்குப் போய் வந்தால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தாமதம். உண்மையில் இந்த அளவு வேலைக்கு அதிக கிகாஹெர்ட்ஸ் உள்ள ஒற்றைச் சிபியு பெட்டியே போதும், மின்சாரமும் மிச்சம்.

மின்சாரம் மிச்சம் பண்ற அமைப்பை அணைக்கணுமா?

நெரிசல் இல்லாத நேரத்திலும் பாக்கெட் தொலைந்தால், ஆம். கோர் ஆழ்ந்து தூங்கினால் எழுந்திருக்க நேரம் பிடிக்கும். 100 மைக்ரோ விநாடி தாமதித்தால், சின்னப் பாக்கெட் நிரம்பிய 10 ஜி கம்பியில் அதற்குள் 1,488 பாக்கெட் வந்து நிற்கும். 512 வளையத்தில் எங்கே வைப்பது? பயாஸில் ஆழ்ந்த சி நிலைகளை அணையுங்கள், சிபியு வேகத்தை முடிவு செய்யும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். சூடு கூடும். அறுவடைக் காலத்தில் தூசி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று என்று நம் ஊரில் மின்விசிறிகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சூடேறினால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் செய்ததெல்லாம் வீண். குறுவை அறுவடை முடிந்ததும் ஒருமுறை, சம்பா முடிந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

'டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்' அப்படின்னு லாக்ல வருது.

நாட் போடும் பெட்டி ஒவ்வொரு இணைப்பையும் கனெக்ஷன் டிராக் அட்டவணையில் எழுதி வைக்கிறது. நிரம்பினால் புது இணைப்பு எதுவும் திறக்காது. பழைய வீடியோ ஓடும், புதுப் பக்கம் வராது, வாடிக்கையாளர் குழம்பிப்போவார். பத்து லட்சம் பதிவுகளுக்கும் அரை ஜிபி ரேமுக்குள்தான் ஆகும், ஆகவே எல்லையைத் தாராளமாக உயர்த்துங்கள். ஹேஷ் வாளிகளின் (பதிவுகளைப் பிரித்துப் போடும் அறைகள்) எண்ணிக்கையையும் கூடவே உயர்த்துங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலும் நீண்ட சங்கிலியில் நடக்கும்.

அதைவிட முக்கியம் காலக்கெடு. நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு லினக்ஸ் இயல்பாக 4,32,000 விநாடி வைத்திருக்கிறது. ஐந்து நாள்! கரண்ட் போய் ரூட்டர் அணைந்த வீட்டின் இணைப்புகள் அத்தனையும் ஐந்து நாள் அட்டவணையில் செத்துக் கிடக்கும். நாட் பெட்டிகளுக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382 சொல்லும் குறைந்தபட்சம் 2 மணி 4 நிமிடம். நான் 7440 விநாடி வைக்கிறேன்.

முகவரிப் பங்கீட்டையும் இப்போதே திட்டமிடுங்கள். ஒரு பொது ஐபிக்கு 64 வீடு, வீட்டுக்கு நிலையாக 1000 போர்ட் என்று கட்டிவிட்டால், எந்தப் போர்ட் யாருடையது என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். இணைப்புக்கு ஒரு வரி லாக் எழுத சிபியுவும் டிஸ்க்கும் செலவழிய வேண்டாம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான 'சிஇஆர்டி-இன்' 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்கிறது. இன்டர்நெட் உரிம நிபந்தனை இரண்டு ஆண்டு கேட்கிறது. அத்தனையையும் சுமக்கும் பெட்டியைப் பாக்கெட் பெட்டியோடு சேர்க்காதீர்கள்.

எல்ஆர்ஓ, ஜிஆர்ஓ?

இரண்டுமே வரும் பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கும் வசதிகள். ரூட்டர் வேலை செய்யும் பெட்டியில் எல்ஆர்ஓவை அணையுங்கள். அது பாக்கெட்டுகளை ஒட்டிவிட்டால் பழையபடி பிரிக்க முடியாது. ஜிஆர்ஓ திரும்பப் பிரிக்கும்படி ஒட்டுகிறது, இருக்கட்டும்.

வேகக் கட்டுப்பாடு போட்டதும் சர்வர் படுத்துடுச்சு.

போர்ட்டின் தலையில் ஒரே ஹெச்டிபி (வேகத்தைப் பங்கிடும் முறை) மரம் வைத்து, அதன் கீழ் எல்லா வாடிக்கையாளரையும் தொங்கவிட்டிருப்பீர்கள். அந்த மரத்துக்கு ஒரே பூட்டு, ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் உள்ளே போகலாம். எட்டு கோரும் அந்தப் பூட்டின் முன் வரிசையில் நிற்கும். பிபிபிஓஇயில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி பிபிபி இடைமுகம் இருக்கிறதே, கட்டுப்பாட்டை அங்கே வையுங்கள். பிபிபிஓஇ இணைப்புகளை வாங்கும் மென்பொருளான ஆக்செல் பிபிபியின் ஷேப்பர் அப்படித்தான் செய்கிறது. பூட்டும் ஆளுக்கொன்றாகிவிடும். பிபிபிஓஇ இல்லாமல் நேராக ஐபி கொடுப்பவர்கள், வன்பொருள் வரிசைக்கு ஒன்றாக மரங்களைப் பிரித்து, வாடிக்கையாளரையும் அதே கோருக்குத் திருப்ப வேண்டும். அவர்கள் அண்டைக் கணினி அட்டவணையின் எல்லையையும் பார்க்கட்டும். இயல்பான உச்சம் 1024, ஆயிரம் வீடு வந்ததும் புது வீடுகளுக்கு இணைப்பு கிடைக்காமல் போகும்.

இவ்வளவு எதுக்கு? நேரா டிபிடிகே போட்டா ஒரு கோர்லயே 10 ஜி போகுமாமே?

போகும். பீசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிட்ஸோ 2012இலேயே நெட்மேப் என்ற தன் மென்பொருள் மூலம், 900 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்த ஒரே கோரில் அந்த 1.488 கோடி பாக்கெட்டையும் அனுப்பிக் காட்டினார். டிபிடிகே கெர்னலை முழுக்கச் சுற்றிப்போகிறது: இன்டரப்ட் இல்லை, கோர் ஓயாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருக்கும், பெரிய நினைவகப் பக்கங்களில் பாக்கெட் நேராக வந்து விழும். விலை என்னவென்றால், அந்தப் போர்ட் லினக்ஸின் கண்ணிலிருந்தே மறைந்துவிடும். டிசிபிடம்ப், ஐபிடேபிள்ஸ், ஆக்செல் பிபிபி எதுவும் அதைப் பார்க்காது. நாட், பிபிபிஓஇ எல்லாவற்றையும் விபிபி போன்ற வேறொரு மென்பொருளில் புதிதாகக் கட்ட வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குக் கோளாறு வந்தால், அதை அறிந்தவர் உங்களிடம் இருக்கிறாரா?

எக்ஸ்டிபி நடுவழி. 2016இல் லினக்ஸ் 4.8இல் வந்தது. அட்டையிலிருந்து பாக்கெட் எடுத்த கணமே, கெர்னல் அதற்குப் பெரிய தரவமைப்பைக் கட்டும் முன், ஒரு சின்ன நிரல் ஓடும்: உள்ளே விடு, கீழே தள்ளு, வேறு கோருக்கோ போர்ட்டுக்கோ திருப்பு. அதை உருவாக்கியவர்கள் 2018இல் எழுதிய கட்டுரையில் ஒரு கோரில் விநாடிக்கு 2.4 கோடி பாக்கெட் வரை கீழே தள்ள முடிந்தது. உங்கள் ஒரு ஐபி மீது யாராவது வெள்ளத்தாக்குதல் நடத்தும்போது எக்ஸ்டிபியில் பத்துவரி நிரல் மற்ற வீடுகளைக் காப்பாற்றும். மற்றபடி, நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பங்கீட்டைச் சரிசெய்ததே போதுமாயிற்று.

வாங்குறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கிறது? ஐபெர்ஃப் போதுமா?

ஐபெர்ஃப் பெரிய பாக்கெட்டில் பிட் கணக்கைக் காட்டும், நமக்கு வேண்டியது அதுவல்ல. கெர்னலோடு வரும் பிகேடிஜென் மாட்யூலை இன்னொரு பெட்டியில் ஏற்றி, 64 பைட் ஃபிரேம்களை வேறு வேறு ஐபி முகவரிகளோடு அனுப்புங்கள். ஒரே முகவரி வைத்தால் எல்லாம் ஒரே வரிசைக்குப் போகும், சோதனை பொய் சொல்லும். மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், முதல் பாக்கெட் தொலையும் எண்ணைக் குறித்து வையுங்கள்.

எல்லாம் சரி பண்ணினேன். ஒரு மாசம் நல்லா ஓடுச்சு. கரண்ட் போய் வந்ததும் மறுபடி பழைய கதை!

எத்டூலில் மாற்றியதும், சிஸ், ப்ராக் அடைவுகளில் எழுதியதும் ரீபூட்டைத் தாண்டி நிற்காது. சிஸ்சிடிஎல் மதிப்புகளை அதற்கான கோப்பில் எழுதினால் நிலைக்கும். மற்றதையெல்லாம் ஒரே ஸ்கிரிப்டில் வைத்து, சிஸ்டம்டி சேவையாக நெட்வொர்க் எழுந்ததும் ஓட விடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அப்படி ஒரு நாளில் ஜெனரேட்டர் வைத்துப் பெட்டியை ஏற்றும்போது இந்த எண்களை யாரும் நினைவிலிருந்து தட்டக் கூடாது.

ஸ்கிரிப்டில் வரிசை முக்கியம். முதலில் வரிசைகளின் எண்ணிக்கை, பிறகு வளையத்தின் அளவு, அதன் பிறகே இன்டரப்ட் ஒதுக்கீடும் ஆர்பிஎஸ் முகமூடியும். முதல் இரண்டையும் மாற்றும்போது பல டிரைவர்கள் போர்ட்டை அணைத்து எழுப்பும், இன்டரப்ட் ஒதுக்கீடு கலைந்துவிடும். ஓடும் பெட்டியில் இதைச் செய்தால் இணைப்பு ஓரிரு விநாடி அறுந்து ஒட்டும், ஆகவே விடிகாலை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் பெட்டியை ஒருமுறை ரீபூட் செய்து, இன்டரப்ட்ஸ் கோப்பையும் சாஃப்ட்நெட் ஸ்டாட்டையும் பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.